வண்டு வளர்த்த கை

அத்தியாயம் 6

அரிசி மூட்டைக்குள் கையை விட்ட ஜெயந்தினி, ஒரு பிடி அரிசியோடு பதினோரு வண்டுகளை வெளியே எடுத்தாள். குளிரில் விறைத்துப் போயிருந்தாலும் பதினொன்றுக்கும் உயிர் இருந்தது. அவற்றில் ஒன்றுகூட அரிசி தின்னும் வண்டு இல்லை.

"இது கௌப்பி வண்டு," என்றாள். "பயறு, கௌப்பி, கடலை மாதிரி முழுப் பயறு வகையிலதான் முட்டை போடும். அரிசியில இதுக்கு ஒரு வேலையும் கிடையாது."

"அப்ப வழி தவறி வந்திருக்கு," என்றான் அக்ரம். "எங்க சின்ன மாமா வேற கல்யாண வீட்டுல போய் உக்காந்து சாப்பிட்டுட்டு வந்த மாதிரி."

"இதுங்க சாப்பிடவும் இல்ல."

அவள் அரிசியை விரித்துக் காட்டினாள். எந்த மணியிலும் ஓட்டை இல்லை. மூட்டையின் அடியில் உளுத்த மா இல்லை. வண்டு குடியிருந்து பெருகிய மூட்டையில் முட்டை, புழு, கிழடு, குஞ்சு எல்லாம் கலந்துதான் கிடக்கும். இங்கே எல்லாம் ஒரே அளவு, ஒரே வயது. யாரோ எங்கேயோ வளர்த்துக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள் என்று அவள் சொன்னதும், கல்லாவுக்குப் பின்னால் நின்ற அன்ஸார் ஹாஜியார் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

கந்தப்பளைக் கடைத்தெருவில் முப்பத்தொரு வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் அவர். கடை வாசலிலேயே அரிசி, கௌப்பி, கடலை, பருப்பு என்று வாய் திறந்த மூட்டைகள் வரிசையாக நிற்கும். தோட்டத்துச் சனம் கையை விட்டு அள்ளிப் பார்த்துத்தான் வாங்கும். போன மாதச் சம்பள நாளன்று கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், அரிசிக்குள் வண்டு, மாப்பெட்டிக்குள் வண்டு. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதுச் சரக்கு இறக்கினார். போன சனிக்கிழமை, இந்த மாதச் சம்பள நாளன்று, மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை யாரோ பெயர் சொல்லாமல் போன் போட, திங்கட்கிழமை சுகாதாரப் பரிசோதகர் வந்து நின்றார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திரும்ப வருவேன், ஒரு வண்டு கண்ணில் பட்டாலும் கடைக்குச் சீல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்கு வியாழன், காலை பத்து மணி.

"ஆளை மட்டும் காட்டுங்க மிஸ்," என்றார் ஹாஜியார். குரலை உயர்த்தாமல், எண்ணெய் அளந்து ஊற்றுகிற நிதானத்தில் சொன்னார். "போலீஸு, கோர்ட்டு, எல்லாம் பாத்துக்கிறேன். அவன் இந்த ஊருல தலை நிமிந்து நடக்கக் கூடாது."

ஜெயந்தினிக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. பழிவாங்க நினைக்கிறவர்களை அவளுக்கு எப்போதுமே பிடிக்கும். ஓர் அரசாங்க விதைக் களஞ்சியத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள். கெட்ட விதையைக் கெட்ட விதை என்று அறிக்கை எழுதியதற்காக ஏழு தடவை இடம் மாற்றப்பட்டு, எட்டாவது தடவை அவளாகவே வேலையை விட்டுவிட்டு, நுவரெலியாவில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் தனியார் விசாரணை என்று பலகை மாட்டினாள். மாற்றல் உத்தரவு போட்ட மேலதிகாரியின் பெயரைத் தினமும் பல் துலக்கும்போது ஒரு தடவை நினைத்துக்கொள்வாள். மறந்துவிடக் கூடாதே என்கிற கவலைதான். அக்ரம் அவளுடைய ஆட்டோக்காரன், உதவியாளன், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். வாயைப் பூட்ட இதுவரை யாரும் சாவி கண்டுபிடிக்கவில்லை.

ஹாஜியாருக்குச் சந்தேகம் ஒரே ஆள் மேல்தான். எதிர்ச் சாரியில் ஆறு மாதத்துக்கு முன் கண்ணாடிக் கதவும் டியூப் லைட்டுமாகக் கடை திறந்த முத்துலிங்கம். அவனைத் தவிர யார் செய்வார்கள் என்று கேட்டார்.

ஜெயந்தினி தெருவைக் கடந்து போய், முத்துலிங்கத்தின் கடையில் ஒரு சோப்புக் கட்டி வாங்கிக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"அவரு இல்ல."

"சோப்புலயே தெரிஞ்சிருச்சா?" என்றான் அக்ரம்.

"அந்தக் கடையும் இந்தக் கடை மாதிரி ஐஸ்பெட்டியாத்தான் இருக்கு. விடியக்காலையில புல்லு மேல வெள்ளையா உறைபனி விழற தை மாசம் இது. இந்தக் குளிருல வண்டு முட்டை போட்டாலும் பொரிக்காது."

"எங்க வாப்பா இதே ஊருலதான் இருந்தாரு. நாங்க ஒன்பது பேரு."

"வண்டுக்குப் போர்வை கிடையாது அக்ரம். ராப்பகலா சூடு இருக்கிற இடத்துல வச்சு, மாசக் கணக்கா வளத்திருக்காங்க. கந்தப்பளையில அப்படி ஒரு இடம் எது?"

ரொட்டி சுடுகிற பேக்கரிப் போறணை என்றான் அக்ரம். அவள் பதில் சொல்லாமல் மூட்டையை முழுக்கக் கவிழ்த்தாள். கடைசி அரிசியோடு செம்பட்டையாக ஒரு பஞ்சு உருண்டை விழுந்தது. பூனை முடி என்றார் ஹாஜியார். தன் முடி இல்லை என்றான் அக்ரம். ஜெயந்தினி அதை விரலில் நசுக்கி மூக்கருகே கொண்டுபோனாள். தேயிலை. காய்ந்த தேயிலையைச் சலிக்கும்போது பறந்து, சுவரிலும் சட்டையிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொள்கிற பஞ்சு. தேயிலைத் தொழிற்சாலைக்குள் கிடந்த சாமானில்தான் அது ஒட்டும். தொழிற்சாலையில் ராப்பகலாகச் சூடு இருக்கிற இடம், கொழுந்தைக் காய வைக்கிற ட்ரையர்ப் பக்கம்.

சுற்றுவட்டாரத்தில் எந்தத் தொழிற்சாலை ஆட்கள் இந்தக் கடைக்கு வருவார்கள் என்று கேட்டாள். ஊசிமலைத் தோட்டத்து ஆட்கள்தான் அதிகம் என்று சொன்ன ஹாஜியாரின் முகம் சட்டென்று தெளிந்தது. அங்கே ட்ரையருக்கு நெருப்புப் போடுகிற சிவசாமி நம்ம ஆள்தான், போய் என் பெயரைச் சொல்லுங்கள், உள்ளே விடுவார் என்றார். போன சித்திரையில் வெயிலே இல்லாத நேரத்தில், வண்டு விழத் தொடங்கிய நவதானியச் சாக்கு ஒன்றைக் காய வைத்துக் கொடுத்த மனுஷனாம். அந்த நன்றிக்கு, அவர் மகள் கோயிலுக்கு முளைப்பாரி போடுவதற்கென்று, அந்தச் சாக்கிலிருந்தே நல்ல மணியாகப் பொறுக்கி முதல் பொட்டலத்தைச் சும்மாவே கட்டிக் கொடுத்தாராம் ஹாஜியார்.

"இப்பவும் கடைக்கு வாறாரா?"

"சம்பள நாளைக்கு வருவாரு. முன்ன மாதிரி உக்காந்து ப்ளேன் டீ குடிக்கிறதில்ல. வேல கூடிப்போச்சு போல."

ஆட்டோ ஊசிமலைக்கு ஏறும்போது அக்ரம் திரும்பிப் பார்த்தான். "அக்கா, ஹாஜியாரு நம்மள நேரா ஆளுகிட்டயே அனுப்புறாரோ?"

"ரோட்டப் பாத்து ஓட்டு," என்றாள் ஜெயந்தினி. அவளும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குக் கீழே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, தண்ணீர்க் குழாயடிக்கு அக்ரமை அனுப்பினாள். விசாரணையில் அவனுடைய முறை எளிமையானது. வெற்றிலை இருக்கிறதா என்று கேட்பான், மற்றதெல்லாம் தானாக வரும். வெற்றிலை கொடுத்தவள் வீரம்மா. கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிறவள், முளைப்பாரி அறைக்குத் தண்ணீர் தெளிக்கிற உரிமை வருடா வருடம் அவளுக்குத்தான். கால்மணி நேரத்தில் அக்ரம் திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

போன சித்திரையில் மாரியம்மன் திருவிழா. வழக்கப்படி, பாரி எடுக்கிற வீட்டுப் பெண்கள் சட்டியில் எருவும் மண்ணும் போட்டு, ஒன்பது தானியத்தையும் ஊற வைத்து விதைத்து, இருட்டறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஒன்பது நாள் விரதம். தண்ணீர் தெளிக்கிறவளைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது. ஒன்பதாம் நாள் கதவைத் திறந்தால், எல்லாச் சட்டியிலும் ஒரு முழ உயரத்துக்கு மஞ்சள் முளை. சிவசாமியின் மகள் சுதர்ஷினி வைத்த மூன்று சட்டியில் மட்டும் வெறும் மண்.

"வட்டகொடையில மாப்பிள்ளை பேசி, பரிசம் போட நாள் குறிச்சிருந்தாங்களாம்," என்றான் அக்ரம். "பாரி முளைக்காத பொண்ணு வேணாம்னுட்டாங்க. விரதத்துல சுத்தமா இல்ல, அது இதுன்னு ஊரே பேசியிருக்கு. பேச்சத் தொடங்கி வச்சதே வீரம்மாதான். அந்தச் சட்டி முளைக்காதத மூணாம் நாளே அந்தம்மா பாத்திருச்சு அக்கா. அந்த வீட்டுக்கு ஒரு வார்த்த சொல்லல. மத்த எல்லா வீட்டுக்கும் சொல்லியிருக்கு."

சுதர்ஷினி இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. தாய் நாகலெட்சுமி அதற்குப் பிறகு கோயில் படி மிதிக்கவில்லை, வீட்டை விட்டு வெளியே வருவதும் இல்லை.

ஜெயந்தினிக்கு நெஞ்சு கொதித்தது. அந்த வீரம்மாவின் வாயில் ஒரு சட்டி எருவைக் கொட்டலாம் போல இருந்தது. கொட்டாமல் அக்ரமோடு தொழிற்சாலைக்கு நடந்தாள்.

சிவசாமி சாப்பாட்டுக்குப் போயிருந்தார். விறகு அடுக்குகிற பொன்னையா, ஹாஜியார் அனுப்பினார் என்று கேட்டதும் எந்தக் கேள்வியும் கேட்காமல் உள்ளே விட்டார். ட்ரையர் இரைந்துகொண்டிருந்தது. அதன் அடுப்புச் சுவருக்குப் பின்னால் ஓர் ஆள் நுழைகிற இடுக்கு. உள்ளே காலடி வைத்ததுமே வியர்த்தது. கந்தப்பளையில் ஒரு மனிதருக்கு வியர்க்கிற இடம் இருக்கிறது என்பதே அக்ரமுக்கு ஆச்சரியமாக இருந்தது. தான் பிள்ளைகளோடு இங்கேயே குடிவரலாமா என்று யோசித்தான்.

விறகுக் கட்டைகளுக்கு அப்பால் மூன்று மண்சட்டிகள். வாய்க்கு மஞ்சள் துணி கட்டியிருந்தது. இரண்டு சட்டிகளில் பொத்தல் விழுந்த கௌப்பித் தோல் மட்டும் கிடந்தது. மூன்றாவது சட்டியின் துணி மேல் ஜெயந்தினி காதை வைத்தாள். உள்ளேயிருந்து மழைத் தூறல் மாதிரி ஒரு சத்தம். ஆயிரக்கணக்கில் இருக்கும்.

"அது நாளைக்கு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சிவசாமி நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி, புருவத்தில்கூடத் தேயிலைப் பஞ்சு. ஓடவில்லை, மழுப்பவில்லை. யார் நீங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. இந்த நாளுக்காகக் காத்திருந்தவர் போல நின்றார்.

"சுகாதார பி.எச்.ஐ மாத்தயா பத்து மணிக்கு வாறாரு. நான் ஒம்பதரைக்குப் போறதா இருந்தேன்," என்றார். "நீங்க போலீஸா மிஸ்?"

"ஹாஜியாருக்காக வந்திருக்கேன்."

"அப்ப அவருகிட்டயே சொல்லிருங்க. வண்டு கொட்டுனதும் நான்தான், போன் போட்டதும் நான்தான். எதுக்குச் செஞ்சேன்னு அவருக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியாதுங்க. உங்களத் தன்னோட ஆளுன்னு சொல்லித்தான் எங்கள இங்க அனுப்புனாரு."

சிவசாமி சிரித்தார். அந்தச் சிரிப்பு ஜெயந்தினிக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. கண்ணாடியில் பல தடவை பார்த்திருக்கிறாள்.

அவர் பேசத் தொடங்கியபோது ட்ரையரின் இரைச்சலை மீறிக் குரல் வந்தது. "எம் புள்ள ஒம்பது நாளு உப்பில்லாம சாப்புட்டுச்சு மிஸ். தரையில படுத்துச்சு. காசு குடுத்து வாங்குனவன் வீட்டுப் பாரியெல்லாம் முளைச்சிச்சு. எனக்குச் சும்மா குடுத்தாருல்ல, அதுல வண்டு தின்ன சொத்தையக் கட்டிக் குடுத்திருக்காரு. சும்மா வாங்குறவனுக்கு அது போதும்னு நெனச்சிட்டாரு. அவரு குடுத்த வண்ட அவருக்கே திருப்பிக் குடுக்கறேன். எம் புள்ள சட்டியிலயே வளத்துக் குடுக்கறேன். அந்தக் கடை மூடணும். மூடுற அன்னைக்கு நான் எதிர்ல நின்னு பாக்கணும்."

ஒன்பது மாதம் இந்தப் பேச்சை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறார் என்பது தெரிந்தது. ஜெயந்தினியின் மனசில் பாதி அவர் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது. மகளுக்காக ஒரு தகப்பன் ஒரு சட்டி வண்டு வளர்த்தால் என்ன, பத்துச் சட்டி வளர்க்கட்டுமே என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

ஆனால் விதைக் களஞ்சியத்தில் பன்னிரண்டு வருடம் இருந்தவளுக்கு ஒரு வார்த்தை உறுத்தியது.

"சொத்தைன்னு எப்படிச் சொல்றீங்க? பாத்தீங்களா?"

பார்க்க வேறு வேண்டுமா என்றார் சிவசாமி. விதைத்தது போக மிஞ்சியதை அப்படியே முடிந்து வைத்திருந்தார். கடை மூடுகிற அன்று ஹாஜியாரின் முகத்தில் எறிவதற்காகச் சுவர் ஆணியில் தொங்கவிட்டிருந்த அந்தப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். ஜெயந்தினி அதை அவிழ்த்துக் கையில் கொட்டி, வெளிச்சத்துக்கு வந்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். நெல், பயறு, கொள்ளு, எள், மொச்சை. முழு ஐந்து நிமிடம் பார்த்தாள்.

ஒன்றில்கூடப் பொத்தல் இல்லை. தெரிந்தெடுத்த மாதிரி சுத்தமான மணிகள்.

"ஒம்பது தானியத்துல எது எது முளைச்சிச்சு?"

"ஒண்ணும் முளைக்கல."

"எள்ளு கூட?"

"எள்ளு கூட."

"பயறு தின்னுற வண்டு எள்ளத் தொடாதுங்க. நெல்லுல வாறது மொச்சையில வராது. ஒம்பதையும் ஒரேயடியாத் தின்னு தீர்க்கிற வண்ட நான் பாத்ததில்ல. வண்டு தின்ன பயறுல கூட நூத்துக்கு முப்பது முளைக்கும்." அவள் மணிகளைத் திரும்பப் பொட்டலத்துக்குள் போட்டாள். "ஹாஜியாரு இதக் குடுக்கறதுக்கு முந்தி, இது எங்க இருந்திச்சு?"

சிவசாமிக்குக் கேள்வி புரியவில்லை. இங்கேதான் இருந்தது என்றார். வெயில் இல்லாத நேரம், சாக்கோடு கொண்டுவந்து கொடுத்தார், தொழிற்சாலையை நடத்துகிற டீமேக்கருக்குத் தெரியாமல் நான்தான் ட்ரையரில் விட்டு எடுத்துக் கொடுத்தேன் என்றார்.

"எவ்வளவு சூட்டுல?"

"தேயிலைக்கு வைக்கிற சூடுதான். ஒரு தடவ போதும், நான் ரெண்டு தடவ விட்டேன். ஒரு வண்டு உசுரோட மிஞ்சக் கூடாதுல்ல." அதைச் சொல்லும்போது அவர் குரலில் வேலை தெரிந்தவனின் பெருமை இருந்தது. "ஹாஜியாரு அள்ளிப் பாத்துட்டு அசந்து போயிட்டாரு."

அப்போது ஜெயந்தினிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. காலையில் ஹாஜியார் இதைத்தானே சொன்னார். காய வைத்து என்கிற வார்த்தை காதில் விழுந்தும், வண்டின் பின்னால் ஓடுகிற அவசரத்தில் அதைத் தவற விட்டிருக்கிறாள்.

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். சட்டியை எடுத்துக்கொண்டு போனால் ஹாஜியாரின் கடை பிழைத்துவிடும், இவருக்குக் குறை சொல்ல ஓர் ஆளாவது மிஞ்சும். ஆனால் இந்த ஒரு சட்டி போனால் இன்னொரு சட்டி வளரும். ஒன்றும் அறியாத ஒரு மனுஷனை இரண்டு மாதமாக அரித்த கை இது. அவளுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. சொல்லிவிட்டாள்.

"விதைக்குள்ளயும் உசுரு இருக்குங்க, சிவசாமி அண்ணே. வண்டு சாகிற சூட்டுல அது மட்டும் எப்படிப் பிழைக்கும்?"

ட்ரையர் இரைந்தது. சிவசாமி அவளைப் பார்த்தார். பிறகு ட்ரையரைப் பார்த்தார். பிறகு விறகுக் கட்டை மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

மற்ற வீட்டுக்காரர்களெல்லாம் முந்தின வாரமே தானியம் வாங்கிவிட்டார்கள், அது ட்ரையருக்கு வரவில்லை என்று அவராகவே கணக்குப் போட்டுக்கொண்டார். வறுத்த கச்சான் கடலை முளைக்குமா என்று கேட்டால் தோட்டத்துக் குழந்தைகூட முளைக்காது என்று சொல்லும். தானியத்தைக் காய வைப்பது வேறு, வறுப்பது வேறு என்று நினைத்துவிட்டாராம். வருடம் முழுக்கக் கொழுந்தைக் காய வைக்கிற கைக்கு அது தோன்றவே இல்லையாம். ஹாஜியாருக்கு இது தெரியுமா என்று கடைசியில் கேட்டார். அவருக்கும் தெரியாது, நல்ல தானியம் என்று நம்பித்தான் கொடுத்தார் என்றாள் ஜெயந்தினி.

சொன்னால் மனசு குளிரும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை. அந்த மனுஷனின் முகத்தைப் பார்க்காமல், பொட்டலத்தை முடிச்சுப் போட்டு அவர் பக்கத்தில் வைத்தாள்.

சிவசாமி எழுந்தார். மூன்றாவது சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், அடுப்புக் கதவைத் திறந்து, துணியோடு சேர்த்து உள்ளே தள்ளினார். மற்ற இரண்டையும் தள்ளினார். பிறகு போனை எடுத்தார். ட்ரையர்ச் சத்தத்தில் காது மந்தமாகிப் போனதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாராம்.

கொழும்பில் சாப்பாட்டு நேரம். சுதர்ஷினி உடனே எடுத்தாள். அவர் சுற்றி வளைக்காமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வண்டு வளர்த்ததைச் சொன்னார், ட்ரையரில் விட்டதைச் சொன்னார். மறுமுனையில் வாகன இரைச்சலுக்கு நடுவே சுதர்ஷினி கேட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லம்மா. போய்ச் சொல்றேன். வீட்டுல சாமி படத்துக்கு முன்னாடி நின்னு சொல்றேன்."

"என்னைப் பேசினவங்க வீட்டுக்குள்ள வச்சாப்பா பேசினாங்க?" அவள் அழவில்லை. "பெரட்டுல பேசினாங்க. வேலைக்கு நிக்கிற அத்தன பேரு முன்னாடியும். நான் கூடையோட அங்கதான் நின்னேன். நீங்களும் பெரட்டுல சொல்லுங்க."

"ட்ரையர்ல வெளியாளு சாக்கப் போட்டேன்னு தெரிஞ்சா டீமேக்கரு வேலைய விட்டு நிப்பாட்டிருவாரும்மா."

"எனக்குக் கல்யாணம் போச்சு. ஊரு போச்சு. உங்களுக்கு வேல போகட்டும்." ஒரு மூச்சு விட்டாள். "நாளைக்குக் காலையில. போன எடுத்துப் போங்க. நான் கேக்கணும்."

அன்று பின்னேரம் கடையில் வைத்து ஜெயந்தினி எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, ஹாஜியார் தராசுத் தட்டைத் துடைத்து வைத்தார். அந்தப் பொட்டலத்தைக் கட்டியது என் கைதானே என்றார். மூட்டைகளெல்லாம் சலித்தாகிவிட்டது, இனி வண்டு கொண்டுவர ஆள் இல்லை, நாளைக்குப் பரிசோதகர் வந்தால் வெறுங்கையோடுதான் போவார் என்று அக்ரம் சொன்னது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. கடைசியில், போலீஸுக்குப் போக மாட்டேன் என்றார். மன்னிக்கவும் மாட்டேன் என்றார். சிவசாமி என் கடைப் படி ஏறக் கூடாது, ஆனால் அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்குத் தானியம் என் கடையிலிருந்துதான் போகும் என்று சொல்லிவிட்டு அஸர் தொழப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஊசிமலையின் புல் முழுக்க வெள்ளையாக உறைந்திருந்தது. பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க, நூறு பேருக்கு மேல் தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் வீரம்மா. ஓரத்தில், ஒன்பது மாதத்துக்குப் பிறகு வெளியே வந்த நாகலெட்சுமி, யாரையும் பார்க்காமல் நேராக நிமிர்ந்து நின்றாள். ஜெயந்தினியும் அக்ரமும் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். வேலை பிரித்துக் கொடுக்கிற கண்டாக்கு பெயர்ப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன், சிவசாமி நடுவில் வந்து, ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் ஐயா என்றார்.

தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வலது கையில் மகளுக்கு அழைத்த போனை உயர்த்திப் பிடித்திருந்தார். என் மகள் விரதத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை, அந்த விதையைக் கொன்றது நான்தான் என்று தொடங்கி, ட்ரையரில் இரண்டு தடவை விட்டது வரை சொன்னார். குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை. கண்டாக்கு புத்தகத்தை மூடிவிட்டு டீமேக்கர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் என்ன, என்ன என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். வீரம்மா குனிந்து காலடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அவர் கையைத் தாழ்த்தப் போனபோது போன் பேசியது.

"சத்தமாச் சொல்லுங்கப்பா," என்றாள் சுதர்ஷினி. "பின்வரிசைக்குக் கேக்கல. மொதல்ல இருந்து சொல்லுங்க."